பத்தாயிரம் ஆண்டு தாங்குமா? உப்பு, வண்டல், தூர் வாருதல் பற்றி ஓர் இழை

வாசகர் கேள்வி, ஜனவரி 9

மனித நாகரிகம் இன்னும் பத்தாயிரம் ஆண்டு இருக்க வேண்டுமானால் முதலில் எதைத் தடுக்க வேண்டும்? விண்கல்லையா, அணு ஆயுதப் போரையா, தானாக யோசிக்கும் இயந்திரங்களையா? பூமியை மட்டும் நம்பி இருக்காமல் செவ்வாயில் ஒரு குடியேற்றம் அமைப்பதுதான் ஒரே காப்பீடு என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

ஜனவரி 9, இரவு

மறுக்கிறேன். வரலாற்றில் நமக்குத் தெரிந்த எந்த நாகரிகமும் விண்கல் விழுந்து அழியவில்லை. உப்பாலும் வண்டலாலும் நலிந்தவை உண்டு. மண் பரிசோதனை ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். என் கண்ணுக்கு அதுதான் முதலில் படுகிறது.

தெற்கு ஈராக்கை எடுத்துக்கொள்ளுங்கள். டைக்ரிஸ், யூப்ரடீஸ் ஆறுகளிலிருந்து கால்வாய் வெட்டி உலகின் முதல் நகரங்களுக்குச் சோறு போட்ட இடம். கி.மு. 3500 வாக்கில் அங்கே கோதுமையும் வாற்கோதுமையும் (பார்லி) ஏறக்குறையச் சரிபாதியாக விளைந்தன. கி.மு. 2500 வாக்கில் கோதுமை ஆறில் ஒரு பங்காகிவிட்டது. கி.மு. 1700 வாக்கில் தெற்கே கோதுமையைக் கைவிட்டுவிட்டார்கள். வாற்கோதுமை உப்பைத் தாங்கும், கோதுமைக்கு அந்தத் தாக்குப்பிடிப்பு கிடையாது. களிமண் பலகைகளில் இருந்த விளைச்சல் கணக்கை வைத்து யாகோப்சன், ஆடம்ஸ் என்ற இரண்டு அறிஞர்கள் 1958இல் இதை எழுதினார்கள்.

இது எப்படி நடக்கிறது என்று ஒரு சின்னக் கணக்கு. நல்ல பாசன நீர் என்று நாங்கள் எழுதிக்கொடுக்கும் தண்ணீரிலேயே லிட்டருக்கு அரை கிராம் உப்பு இருக்கலாம். ஒரு ஹெக்டேருக்கு ஆண்டில் ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் பாய்ச்சினால் அது 10,000 கன மீட்டர். அதோடு வயலுக்கு வரும் உப்பு 5 டன். பயிர் தண்ணீரைக் குடிக்கிறது, வெயில் மீதியைக் குடிக்கிறது, உப்பு அப்படியே கிடக்கிறது. கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதே கதைதான். வடிகால் இல்லாத சமவெளியில் நிலத்தடி நீர்மட்டமும் ஏறும். வேர் மட்டத்துக்கு வந்ததும் உப்பை மேலே இழுத்துக்கொண்டு வரும். விவசாயி "வயல்ல உப்புப் பூத்திருக்கு" என்று சொல்லி ஒரு பையில் மண்ணைக் கொண்டுவரும்போது காரியம் பாதிக்கு மேல் முடிந்திருக்கும்.

ஒரு தலைமுறைக்குத் தெரியாத வேகத்தில் வருகிற இந்த மாதிரிச் சேதத்தைத்தான் பத்தாயிரம் ஆண்டுக் கேள்வியில் முதலில் வைக்க வேண்டும்.

ஜனவரி 10

"அப்படியானால் எகிப்து எப்படித் தப்பித்தது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. நைல் ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளமாக வந்து வயல்களில் நிற்கும். மண் முழுக்க நனைந்த பிறகு தண்ணீர் வடிந்து ஆற்றுக்கே போகும். போகும்போது உப்பையும் எடுத்துக்கொண்டு போகும், புது வண்டலை விட்டுவிட்டுப் போகும். அடுத்த வெள்ளத்துக்கு முன் நிலம் காய்ந்து கிடக்கும், நிலத்தடி நீர் இறங்கிவிடும். ஐயாயிரம் ஆண்டுக்கு உப்பைக் கழுவும் வேலையை ஆறே செய்துகொடுத்தது.

1970இல் கட்டி முடித்த அஸ்வான் உயர் அணையால் அந்த வெள்ளம் நின்றது. அதற்குப் பதிலாக மின்சாரமும் ஆண்டு முழுவதும் பாசனமும் கிடைத்தன. அதோடு உப்பும் கிடைத்தது. நைல் டெல்டா முழுவதும் பூமிக்கடியில் வடிகால் குழாய் பதிக்க வேண்டி வந்தது. வண்டல் வருவது நின்றதால் உரம் வாங்க வேண்டி வந்தது. அணை கட்டியது தப்பு என்று நான் சொல்லவில்லை. பஞ்சம் பார்த்த மக்கள் கட்டினார்கள். ஆனால் ஆறு சும்மா செய்துகொண்டிருந்த வேலை இனி ஒவ்வோர் ஆண்டும் மனிதர் செய்ய வேண்டிய வேலை ஆகிவிட்டது. அதை எத்தனை நூற்றாண்டு விடாமல் செய்வார்கள் என்பதுதான் என் கவலை.

ஜனவரி 10, கொஞ்ச நேரம் கழித்து

ஈராக் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். 1958 கணக்கைப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஏற்கவில்லை. பழைய அளவைகளை இன்றைய அளவைக்கு மாற்றியதில் கேள்வி இருக்கிறது, தரிசு போட்டு உப்பைக் கட்டுப்படுத்தத் தெரிந்தவர்கள்தான் அந்த விவசாயிகள் என்ற வாதமும் இருக்கிறது. ஆகவே "சுமேரியாவை உப்பு கொன்றது" என்று ஒரே வரியில் முடிக்க வேண்டாம். ஆற்றின் போக்கு மாறியது, போர்கள் வந்தன, கால்வாய்களை வண்டல் அடைத்தது. எனக்கு முக்கியமாகப் படுவது அந்தத் தரிசு விஷயம்தான். பயிர் போடாமல் விட்ட ஆண்டில் நீர்மட்டம் இறங்குகிறது, நிலம் மூச்சு விடுகிறது. வரி கேட்கிற அரசு அந்த ஓய்வைக் குறைக்கச் சொன்னால் விவசாயிக்கு விஷயம் தெரிந்திருந்தும் பயனில்லை.

ஜனவரி 14

எதிர்ப்பக்க உதாரணம், அதாவது கெடாமல் நீடித்த ஏற்பாடு ஒன்றைக் கேட்டார்கள். சீனாவில் சிச்சுவான் மாகாணத்து துஜியாங்யான். கி.மு. 256 வாக்கில் லீ பிங் என்ற ஆளுநர் மின் ஆற்றில் அமைத்த பாசன ஏற்பாடு. இன்றும் ஆறு லட்சம் ஹெக்டேருக்கு மேல் பாய்கிறது. இதை விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் நான் சொல்ல வரும் எல்லாமே இதற்குள் இருக்கிறது.

அவர் ஆற்றை மறித்து அணை கட்டவில்லை. நடுவில் மீன் வாய் போல ஒரு முனை கட்டி ஆற்றை இரண்டாகப் பிரித்தார். உட்கிளை ஆழமானது, வெளிக்கிளை அகலமானது. தண்ணீர் குறைந்த காலத்தில் பெரும்பங்கு உட்கிளை வழியாக வயலுக்குப் போகும், வெள்ளக் காலத்தில் பெரும்பங்கு வெளிக்கிளை வழியாக வெளியேறும். வளைவில் வைத்திருப்பதால் அடியில் உருண்டு வரும் கல்லும் மணலும் பெரும்பாலும் வெளிக்கிளைக்கே போய்விடும். அதையும் மீறி உள்ளே வந்த மணலைச் சுழற்றி வெளியே தள்ள ஒரு தாழ்வான கலுங்கு (மிகைநீர் வழிந்தோடும் இடம்). அதற்கப்புறம் மலையைப் பிளந்து வெட்டிய குறுகலான வாய், அது கொள்ளும் அளவுக்கு மேல் தண்ணீர் நுழையவே முடியாது. வெடிமருந்து இல்லாத காலம். பாறையைத் தீயால் சூடாக்கி, தண்ணீர் ஊற்றி வெடிக்க வைத்தார்கள்.

அந்தக் காலத்தில் கட்டுமானப் பொருள் என்ன தெரியுமா? மூங்கில் கூடையில் நிரப்பிய ஆற்றுக் கல். சில வருடத்தில் மக்கிப்போகிற பொருள்! ஆகவே பழுது பார்ப்பதை யாரும் தள்ளிப்போட முடியாது. குளிர்காலத்தில் தண்ணீர் குறையும்போது மரத்தால் முக்காலிகள் நட்டு, பாய் போர்த்தி, களிமண் அடைத்து ஒரு கிளையை வற்ற வைப்பார்கள். இறங்கித் தூர் வாருவார்கள். எவ்வளவு ஆழம்? அதற்குத்தான் படுகையில் இரும்புத் தண்டுகளைப் புதைத்து வைத்திருக்கிறார்கள். தண்டு கண்ணில் படும் வரை தோண்ட வேண்டும். குறைவாகத் தோண்டினால் வறட்சியில் தண்ணீர் வராது, கூடுதலாகத் தோண்டினால் வெள்ளம் உள்ளே வரும். "ஆழமாகத் தூர் வாரு, தாழ்வாக அணை கட்டு" என்ற பொருளில் ஆறே எழுத்துகளை அங்கே பொறித்திருக்கிறார்கள். பொறியியல் கையேடு முழுவதும் அவ்வளவுதான்.

அரச வம்சங்கள் எத்தனையோ வந்து போயின. 2008இல் பெரிய நிலநடுக்கம் வந்தது. மீன்வாயில் விரிசல் விட்டது, கரையிலிருந்த கோயில் கட்டடங்கள் இடிந்தன. பாசன அமைப்பு பிழைத்தது.

என் கட்சி இதுதான்: நெடுங்காலம் நிற்பது உறுதியாகக் கட்டியது அல்ல. ஆண்டுக்கு ஒருமுறை பழுது பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும், பார்க்கக்கூடிய எளிமையும் சேர்ந்திருப்பது.

ஜனவரி 15

"சீனர்களுக்கே உரிய ஞானம்" என்று யாரோ எழுதியிருப்பதைப் பார்த்தேன். இல்லை. அதே நாட்டில் மஞ்சள் ஆற்றில் சான்மென்ஸியா அணை இருக்கிறது. 1960இல் தண்ணீர் தேக்கினார்கள். ஒன்றரை ஆண்டிலேயே வண்டல் பயமுறுத்தும் அளவுக்கு ஏறி, மேலே வெய் ஆற்றுப் படுகையும் உயர ஆரம்பித்தது. ஹுவாங் வான்லி என்ற நீரியல் பேராசிரியர் 1957இலேயே இதை எதிர்த்துப் பேசினார். கட்டித்தான் தீருவீர்கள் என்றால் கட்டுமானக் காலத்தில் தண்ணீர் போக அடியில் விட்ட துளைகளையாவது அடைக்காதீர்கள், பின்னால் வண்டலை வெளியேற்றத் தேவைப்படும் என்றார். அடைத்தார்கள். பிற்பாடு பெரும் செலவில் அதே துளைகளை உடைத்துத் திறந்தார்கள். அவருக்கு வலதுசாரி என்ற முத்திரையும் தண்டனையும்தான் கிடைத்தன.

உலக அளவில் நீர்த்தேக்கங்கள் ஆண்டுக்கு அரை முதல் ஒரு சதவீதக் கொள்ளளவை வண்டலிடம் இழக்கின்றன. அந்த வேகத்தில் நூறு, இருநூறு வருடம். பத்தாயிரம் ஆண்டில் அது எந்த மூலைக்கு? நம் மேட்டூர் 1934இல் திறந்தது. 93.47 டி.எம்.சி. என்ற பழைய எண்ணைத்தான் இன்றும் தினமும் செய்தியில் படிக்கிறோம். வண்டல் தின்ற பங்கு போக மீதி எவ்வளவு என்பதையும் அதே செய்தியில் சேர்த்துப் போட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஜனவரி 19

"பழுது பார்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், யார் பார்ப்பது என்பதுதான் பிரச்சினை" என்கிறார் ஒருவர். ஆமாம், முழு விஷயமும் அங்கேதான் இருக்கிறது.

நெதர்லாந்தைப் பாருங்கள். நாட்டின் நாலில் ஒரு பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே. 13ஆம் நூற்றாண்டிலிருந்து நீர் வாரியங்கள் இயங்குகின்றன, இன்று 21 இருக்கின்றன. நாடாளுமன்றம் வேறு, இவை வேறு. தனித் தேர்தல், தனி வரி. சாலைக்கும் பள்ளிக்கும் பணம் போதவில்லை என்று அணைக்கரைப் பணத்தில் கை வைக்க முடியாது. பழைய காலத்தில் கரையில் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு ஒதுக்கியிருந்தது. தன் பங்கைப் பராமரிக்க முடியாதவர் கரையில் மண்வெட்டியைக் குத்திவிட்டு நிலத்தை விட்டுப் போய்விட வேண்டும். அந்த மண்வெட்டியைப் பிடுங்குகிறவருக்கு நிலமும் சொந்தம், கரையும் பொறுப்பு. கொடுமையான சட்டம். ஆனால் கடமையை நிலத்தோடு தைத்துவிட்டது. நிலம் கை மாறும்போது கடமையும் மாறும், ஆகவே கேட்பாரற்ற கரை என்று ஒன்று இருக்காது.

அங்கேயும் 1953இல் கரை உடைந்து 1,836 பேர் செத்தார்கள். பல இடங்களில் கரைகள் தாழ்வாக, பலவீனமாக இருப்பதை முன்பே அறிந்தவர்கள் இருந்தார்கள். போருக்குப் பிந்தைய காலம், பணம் வேறு இடங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. எழுநூறு வருடப் பழக்கம் இருந்தும், கரை உடைவதற்குச் சில பத்தாண்டு தள்ளிப்போட்டதே போதுமாக இருந்திருக்கிறது.

ஜனவரி 20

உத்திரமேரூரை ஏன் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டவருக்கு: சொல்லத்தான் போகிறேன். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921. எல்லோரும் குடவோலையைப் பேசுவார்கள். என்னைக் கவர்வது ஏரி வாரியம். ஏரியைக் கவனிக்கத் தனிக் குழு, 360 நாள் பதவி. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினர்களும் மறுபடி குடத்துப் பக்கம் வர முடியாது. சோழர் காலத்தில் ஏரிப் பராமரிப்புக்கென்றே ஏரிப்பட்டி என்று நிலம் ஒதுக்குவார்கள். அதன் விளைச்சல் ஏரிக்கே. நெதர்லாந்துக்காரர்களின் தனி வரியும் இதுவும் ஒரே யோசனை.

நான் சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய் ஊரில் வளர்ந்தவன். கோடையில் கண்மாய்க்குள் வண்டி இறக்கிக் கரம்பை (அடியில் படிந்த வண்டல்) அள்ளி வயலில் கொட்டுவோம். கண்மாய்க்கு ஆழம், வயலுக்கு உரம். பழுது பார்ப்பதே லாபமாக இருந்தது. யூரியா மூட்டை வந்தது, ஆழ்துளைக் கிணறு வந்தது, கரம்பையின் தேவை போனது. அதோடு தூர் வாருவதும் போனது. எங்கள் கண்மாயின் வரத்துக்கால் முழுக்கச் சீமைக்கருவேலம். யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. பழுது பார்க்கிறவருக்கு அதில் கிடைத்துக்கொண்டிருந்த ஆதாயம் மட்டும் மெல்லக் கழன்றுவிட்டது.

ஜனவரி 23

முந்தைய குறிப்பை மறுபடி படித்தேன், மனசு ஒப்பவில்லை. "கரம்பை அள்ளுவோம்" என்று எழுதியிருக்கிறேன். அள்ளியது எல்லோரும்தான். ஆனால் மடையைத் திறப்பது, ராத்திரியில் கரை காப்பது, கண்மாய் நிரம்பியிருக்கும்போது முங்கிப் போய் மடைக்கல்லைத் தூக்குவது எல்லாம் யார் வேலை? நீர்க்கட்டி, மடைக்குடும்பன். பெரும்பாலும் தலித் குடும்பங்கள். பரம்பரையாக, அறுவடையில் கொஞ்சம் நெல்லுக்கு. தண்ணீரை அளந்து எல்லோர் வயலுக்கும் விட்டவர்களில் பலருக்குச் சொந்தமாக ஒரு செய் நிலம் கிடையாது.

ஆயிரம் ஆண்டு தாங்கிய ஏற்பாடு என்று நாம் மார்தட்டும்போது அது யார் தோளில் தாங்கியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர்கள் பிள்ளைகள் படித்து அந்த வேலையை விட்டுப் போனது நல்லது, போக வேண்டியதுதான். ஊராரே கூடி ஏரியைப் பராமரித்த பழைய குடிமராமத்தை அப்படியே திருப்பிக் கொண்டுவருவோம் என்பவர்களோடு எனக்கு இங்கே ஒத்துப்போக முடியவில்லை. பிறப்பை வைத்துக் கட்டாயப்படுத்தாமல் அதே கறாரான கடமையை உண்டாக்க வேண்டும். நெதர்லாந்து மாதிரி நிலத்தோடு தைக்கலாம். இல்லையென்றால் நீர்க்கட்டிக்கு நல்ல மாதச் சம்பளம், அதிகாரம், மரியாதை, இதற்கென்றே ஒதுக்கிய வரி என்று வைக்கலாம். தமிழ்நாட்டில் 39,000 ஏரி, கண்மாய்கள். ஒன்றுக்கு ஒருவர் என்று வைத்தாலும் ஒரு மாநிலத்தால் தாங்கக்கூடிய எண்ணிக்கைதானே?

பிப்ரவரி 2

விதைப் பெட்டகம் பற்றிப் பேச்சு வந்திருப்பதால். நார்வேயின் வடதுருவப் பக்கத்து ஸ்வால்பார்டு தீவில் மலைக்குள் உறைநிலத்தில் விதைகளைப் பூட்டி வைத்திருக்கிறார்கள், 2008இல் திறந்தது. "அங்கே இருக்கிறதே, உலகமே அழிந்தாலும் மறுபடி தொடங்கலாம்" என்கிறார் நண்பர். அந்தப் பெட்டகத்தை நான் மதிக்கிறேன். ஆனால் விதைக்கு உயிர் இருக்கிறது, குளிரில் வைத்தாலும் மெல்லச் செத்துக்கொண்டுதான் இருக்கும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை முளைக்க வைத்து, பயிராக்கி, புது விதை எடுத்து மறுபடி வைக்க வேண்டும்.

அதை நிஜமாகவே செய்து காட்டியவர்கள் இக்கார்டா ஆய்வு மையத்தார். அவர்களுடைய விதை வங்கி சிரியாவில் அலெப்போவுக்குப் பக்கத்தில் இருந்தது. போரில் அதை இழந்தபோது, 2015இல் ஸ்வால்பார்டிலிருந்து தாங்கள் வைத்த விதைகளைத் திருப்பி எடுத்தார்கள். லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்து, பெருக்கி, 2017இல் ஒரு பகுதியைப் பெட்டகத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். பெட்டகம் காப்பாற்றியது என்பார்கள். போருக்கு முன்பே பிரதி எடுத்து அனுப்பிய, பிறகு வேறு நாட்டில் வயலில் நின்று விதைத்த ஆட்கள் காப்பாற்றினார்கள் என்று நான் சொல்வேன்.

பிப்ரவரி 3

கோயில் குடமுழுக்கையும் சேர்க்கச் சொன்னவருக்கு நன்றி. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை மருந்து சாத்தி, விரிசல் பார்த்து, செடி பிடுங்கி. தஞ்சைப் பெரிய கோயிலுக்கே 1997க்கு அப்புறம் 2020இல்தான் நடந்தது. தவணை தவறினாலும் தவணை என்ற ஒன்று இருப்பதால் மக்கள் கேட்கிறார்கள்: "ஏன் இன்னும் நடக்கவில்லை?" கண்மாய்க்கு அப்படி ஒரு தேதி இல்லை.

பிப்ரவரி 11

எனக்கே எதிராக ஒரு வாதம். பழுது பார்த்தால் மட்டும் போதுமா? பாஸ்பரஸை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த உயிரணுவும் அது இல்லாமல் இயங்காது, அதற்கு மாற்றுப் பொருள் இல்லை. நாம் அதைப் பாறையிலிருந்து வெட்டி எடுக்கிறோம். உலக இருப்பில் சுமார் 70 சதவீதம் மொராக்கோவிடமும் அதன் பிடியிலுள்ள மேற்கு சகாராவிடமும். இந்தியா பெருமளவு இறக்குமதியையே நம்பியிருக்கிறது. நவுரு தீவு பாஸ்பேட்டை வெட்டி விற்றே பணக்கார நாடானது, தீர்ந்ததும் தீவின் நடுப்பகுதி கூர்கூரான சுண்ணாம்புக் கல்லாக எஞ்சியது. எவ்வளவு கறாராகத் தூர் வாரினாலும் சுரங்கம் மறுபடி நிரம்பாது.

ஒரு வாரமாக இதை யோசித்துக்கொண்டிருந்தேன். உப்பும் பாஸ்பரஸும் ஒரே குறையின் இரண்டு முகங்கள் என்று படுகிறது. உப்பு வெளியேற வழியில்லாமல் சேர்கிறது. பாஸ்பரஸ் திரும்பி வர வழியில்லாமல் போகிறது. வயலிலிருந்து தட்டுக்கு, தட்டிலிருந்து சாக்கடைக்கு, அங்கிருந்து கடலுக்கு. ஜெர்மனியில் 2017இல் போட்ட விதிப்படி, பெரிய கழிவுநீர் நிலையங்கள் 2029 முதல் கசடிலிருந்து பாஸ்பரஸை மீட்டே ஆக வேண்டும். செலவு பிடிக்கும், சுரங்கப் பாறைதான் இன்றைக்கு மலிவு. இருந்தாலும் சட்டமாகப் போட்டார்கள். பத்தாயிரம் ஆண்டைப் பற்றி நிஜமாக யோசிக்கிற ஓர் ஆவணத்தைக் காட்டு என்றால் நான் அந்தக் கழிவுநீர் விதியைத்தான் காட்டுவேன்.

பிப்ரவரி 12

செவ்வாய் பற்றி நான் பதிலே சொல்லவில்லை என்கிறார் கேள்வி கேட்டவர். சொல்கிறேன். அங்கே காற்று, தண்ணீர், மண், கழிவு எல்லாவற்றையும் மனிதரே சுழற்ற வேண்டும், ஒரு நாள்கூட விடுப்பு இல்லாமல். செவ்வாய் மண்ணில் பெர்க்குளோரேட் உப்பு இருக்கிறது, அதைக் கழுவாமல் பயிர் வைக்க முடியாது. நைல் வெள்ளம் அங்கே வராது. ஆண்டுக்கு ஒரு மாதம் கண்மாயைப் பார்த்துக்கொள்ள நமக்கு முடியவில்லை என்றால் அங்கே முதல் குளிர்காலத்தைத் தாண்ட மாட்டோம். போகக் கூடாது என்பதல்ல. போவதற்குத் தேவையான பழக்கம் இங்கே வயலில்தான் வர வேண்டும்.

விண்கல் விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 2022இல் நாசாவின் டார்ட் விண்கலம் டிமார்ஃபஸ் என்ற சிறுகோளில் மோதி அதன் சுற்றுப்பாதையை மாற்றியது. அந்த வேலை நடக்கட்டும். வானத்தை விடாமல் கண்காணிப்பதும் தூர் வாருவது மாதிரி முடிவில்லாத வேலைதான்.

மார்ச் 1

தனிச்செய்தியில் மண் பரிசோதனை அறிக்கை அனுப்பிய நாகப்பட்டினத்துக் கடைமடை நண்பருக்கு, மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன். உங்கள் அறிக்கையில் ஈ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன்) 4க்கு மேல், பி.எச். (அமில காரத் தன்மை) 8.5க்குள். அது பெரும்பாலும் உப்பு மிகுந்த உவர் நிலம், களர் இல்லை; சோடியம் அளவையும் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கடைக்காரர் சொன்னார் என்று ஜிப்சம் வாங்கிக் கொட்டாதீர்கள், அது சோடியம் பிடித்த களர் நிலத்துக்கு. உங்களுக்குத் தேவை நல்ல தண்ணீரைத் தேக்கி உப்பைக் கரைத்து வெளியேற்றுவது. மழைக்கு முன் வரப்பை உயர்த்துங்கள், நிலத்தைச் சமப்படுத்துங்கள், பசுந்தாள் உரமான தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் முன் மடக்கி உழுங்கள்.

ஆனால் இதெல்லாம் வடிகால் இருந்தால்தான். உங்கள் வயலுக்குக் கீழே உள்ள வடிகால் வாய்க்கால் யார் யார் நிலத்தின் வழியாகப் போகிறது, கடைசியாக எந்த வருடம் தூர் வாரியது என்று விசாரித்து எழுதுங்கள். அடைத்திருந்தால் தனியாக உங்கள் வயலில் மட்டும் எதுவும் செய்து பயனில்லை. பக்கத்து நிலத்துக்காரர்களோடு சேர்ந்து கோடைக்குள் வெட்டிவிடுங்கள். ஈ.சி.யை அறுவடை முடிந்ததும் மறுபடி பாருங்கள், அதே வயலில், அதே ஆழத்தில் மண் எடுத்து.